அடிமையாக ரெயூனியனுக்கு அனுப்பப்பட்ட மூதாட்டியைத் தேடுதல்

புதுச்சேரியிலிருந்து அடிமையாகக் கப்பலேற்றப்பட்ட பெண்ணைத் தேடுபவர் அவளிடமிருந்து தொடங்காமல், உயிரோடு இருக்கும் சந்ததியிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது விடுதலையானோருக்குக் குடும்பப்பெயர் அளித்து எழுதிய பதிவேடுகளே முதல் வாசல்; அதற்கு முன் அவர்களுக்குப் பெரும்பாலும் திருமுழுக்குப் பெயர் மட்டுமே உண்டு.

அங்கிருந்து பின்னால் போக, உரிமையாளரின் பெயரைப் பற்றிக்கொள்ள வேண்டும். அடிமைகள் சொத்தாகக் கருதப்பட்டதால், விற்பனைப் பத்திரங்களிலும் உயில்களிலும், மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே (படிக்கவே மனம் கனக்கும்) அவர்களின் பெயர், வயது, மதிப்பு ஆகியவை காணப்படும். பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தே அமைந்ததால், தாய்வழியைத் தொடர்வதே பயன் தரும். ‘மலபார்’ என்ற குறிப்பைக் கண்டு கேரளத்துக்குப் போய்விடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் தமிழரையும் அப்படியே எழுதினர்.

புதுச்சேரிப் பதிவேடுகளின் படிகள் தெற்கு பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பலவற்றை அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டல் பதிவுக்குப் பதிவு மாறும் என்பதால், வயதையும் ஞானப்பெற்றோரையும் (திருமுழுக்கின்போது பொறுப்பேற்று நிற்பவர்கள்) ஒப்பிட்ட பின்னரே ஒருவரை உங்கள் மூதாட்டி என்று குறித்துக்கொள்ளுங்கள்.