சிக்குன்குனியா வைரஸில் ஓர் எழுத்து மாற்றத்தைத் தேடுவது எப்படி?

2005-06இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில், மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைச் சிக்குன்குனியா காய்ச்சல் தாக்கியது. அங்கு அதைப் பெரிதும் பரப்பியது, இந்நோயை வழக்கமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு அன்று; ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசு. அக்கொசுவில் வைரஸ் நன்கு பெருக உதவிய, அதன் மரபுத் தொடரில் நேர்ந்த ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டறியும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில் எடுத்த இரத்தச் சீரத்தில்தான் வைரஸ் மிகுதியாக இருக்கும். மாதிரி எடுத்த நாளையும் ஊரையும் தவறாமல் குறித்துவையுங்கள். சீரத்திலுள்ள வைரஸைக் கொசுச் செல்களில் வளர்த்துப் பெருக்கலாம் என்றாலும், வளர்ப்பின்போதே புதிய மாற்றங்கள் தோன்றக்கூடும் என்பதால், இயன்றவரை சீரத்திலிருந்து நேரடியாக வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதே மேல் என்பது என் கருத்து. அதை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எழுத்து வரிசையை அறிய வேண்டும். இவை பயிற்சி பெற்றோர் ஆய்வகத்தில் செய்யும் பணிகள். தொடக்கநிலையினருக்கு மரபுத் தொடர்களின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் இலவசமாகக் கிடைக்கும் ரீயூனியன் வரிசைகளே போதும்.

படி 2: 1952-53இல் டங்கனிக்காவில், அதாவது இன்றைய தான்சானியாவில், பரவிய நோயின்போது பிரித்தெடுக்கப்பட்ட எஸ்27 வகையை ஒப்பீட்டு வரிசையாக வையுங்கள். இதன் நீளம் சுமார் 11,800 எழுத்துகள். மாஃப்ட் மென்பொருளில் எல்லா வரிசைகளையும் நேர்நேராக அடுக்குங்கள்.

படி 3: புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. நாம் தேடுவது வைரஸின் மேலுறையிலுள்ள இ1 (E1) புரதத்தின் 226ஆம் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் 226ஆம் கண்ணி. ஆனால் இ1 தனியாக உருவாவதில்லை. 1,248 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட புரதத்தின் கடைசித் துண்டாக, 810ஆம் இடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே முழுப் புரதத்தில் எண்ணுவோர் 1,035ஆம் இடத்தைப் பார்க்க வேண்டும். 226ஐப் பார்த்துவிட்டு “மாற்றம் ஏதுமில்லை” என்று எழுதிவிடக் கூடாது. எஸ்27இல் அந்த 1,035ஆம் இடத்தில் அலனின் என்னும் அமினோ அமிலம் இருக்கும். அதைக் குறிக்கும் மூவெழுத்துக் குறியீட்டின் நடுவிலுள்ள சி (C), டி (T) ஆக மாறினால் அது வாலின் என்னும் வேறோர் அமினோ அமிலம் ஆகிவிடும்.

படி 4: வரிசைகளை நாள்வாரியாக அடுக்குங்கள். ரீயூனியனின் தொடக்க மாதிரிகளில் அலனின் இருந்தது. 2005 செப்டம்பருக்குப் பின் கிடைத்தவற்றில் 90 விழுக்காட்டிற்கு மேல் வாலின்.

படி 5: மெகா மென்பொருளில் வரிசைகளின் உறவைக் காட்டும் மரபுவழி மரம் வரையுங்கள். வாலின் கொண்டவை எல்லாம் ஒரே கிளையினவாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள்: 2007இல் கேரள மாதிரிகளில் காணப்பட்ட இதே மாற்றம், ரீயூனியனிலிருந்து வந்ததன்று, இந்தியக் கிளையில் தனியாகவே தோன்றியது.