எஃப்12-இல் ஆரம்பிப்போம்: வெப் டிசைன் பழகுவோருக்குக் காசில்லாத கருவிகள்

வெப் டிசைன் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது “எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்?” என்பதுதான். ஒன்றும் வாங்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் குரோமுக்குள்ளேயே பாதிக் கருவிகள் கிடக்கின்றன, மீதியும் இலவசம். சும்மா பட்டியல் போட்டால் யாரும் திறந்துகூடப் பார்க்கப் போவதில்லை என்பதால், ஒரு பக்கத்தைக் கையில் எடுத்துச் சரிசெய்தபடியே ஒவ்வொன்றாகப் பார்ப்போம். என் சித்தப்பாவின் மெஸ்ஸுக்கு நான் போட்டுக்கொடுத்த முதல் பக்கம்தான் உதாரணம்: மேலே வாழையிலைச் சாப்பாட்டுப் படம், கீழே விலைப்பட்டியல், அவ்வளவுதான். அது போனில் திறப்பதற்குள் பசியே அடங்கிவிடுகிறது என்று அவர் சொன்னார்.

படி 1: எஃப்12

பக்கத்தைக் குரோமில் திறந்து எஃப்12-ஐ அழுத்துங்கள். சில லேப்டாப்பில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். மேக் என்றால் கமாண்ட், ஆப்ஷன், ஐ மூன்றும். திறக்கும் பெட்டிதான் டெவலப்பர் டூல்ஸ். 2006-இல் இதே வேலைக்கு ஃபயர்பாக்ஸுக்கு ஃபயர்பக் என்ற எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவி) வந்தது, அதைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது எல்லா பெரிய பிரவுசர்களிலும் இது கூடவே வருகிறது.

விலைப்பட்டியலில் ஒரு வரியை ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். அந்த வரியின் எச்டிஎம்எல் (பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் குறியீடு) ஒரு பக்கம், அதன் சிஎஸ்எஸ் (அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் குறியீடு) ஸ்டைல்ஸ் பகுதியில். எழுத்தின் அளவு 14 என்று இருக்கிறதா? அந்த எண்ணைக் கிளிக் செய்து மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போங்கள். 15, 16, 17 என்று எழுத்து கண்முன்னே பெரிதாகும். எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், ரீலோட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆபத்தும் அதுதான். ஒரு மணி நேரம் நகாசு வேலை பார்த்துவிட்டு, கை பழக்கத்தில் ரீலோட் அழுத்தி அத்தனையையும் தொலைத்தவன் நான். பிடித்த மாற்றத்தை உடனே உங்கள் ஃபைலில் எழுதிவிடுங்கள்.

படி 2: போன் அளவில் பார்ப்பது

பெட்டி திறந்திருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் அழுத்தினால் பக்கம் போன் அளவுக்குச் சுருங்கும். அகலத்தை 360 என்று வையுங்கள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரிந்தால் வியூபோர்ட் மெட்டா டேகை (பக்கத்தைப் போனின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் எச்டிஎம்எல் வரி) எழுத மறந்திருக்கிறீர்கள், பெரும்பாலும் அதுதான் காரணம்.

படி 3: எது கனம் என்று கண்டுபிடிப்பது

இப்போது நெட்வொர்க் டேப். டிசேபிள் கேஷ் (ஏற்கெனவே சேமித்துவைத்த ஃபைலைப் பயன்படுத்தாதே) என்பதை டிக் செய்து, வேகத்தை 3ஜி என்று மாற்றி, ரீலோட் செய்யுங்கள். பக்கத்துக்காக இறங்கும் ஒவ்வொரு ஃபைலும் வரிசையாக வரும். சைஸ் என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அளவுப்படி அடுக்கும், பெரியது மேலே வராவிட்டால் இன்னொரு தடவை கிளிக் செய்யுங்கள். மெஸ் பக்கத்தில் குற்றவாளி யார் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. வாழையிலைப் படம் மட்டும் 4.8 எம்பி, போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தேன், 4000 பிக்சல் அகலம். முழுதாக வந்துசேர ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆனது.

படி 4: படத்தை இளைக்க வைப்பது

ஸ்குவூஷ் என்று தேடுங்கள். கூகுளின் குரோம் குழு 2018-இல் வெளியிட்ட இலவசக் கருவி, இன்ஸ்டால் செய்ய எதுவுமில்லை, படமும் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு எங்கும் போவதில்லை, சுருக்கும் வேலை முழுக்க பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. படத்தை இழுத்துப் போடுங்கள். முதலில் ரீசைஸ். 360 அகலமுள்ள திரை, ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று புள்ளி வைத்திருக்கும் நல்ல போனாகவே இருந்தாலும் 1080 புள்ளிதான், ஆக 1200 அகலம் தாராளம். அப்புறம் ஃபார்மேட்டை வெப்பி (WebP) என்று மாற்றி, குவாலிட்டியை 75-இல் விடுங்கள். நடுவில் ஒரு கோடு இருக்கும், அதை இடதும் வலதும் நகர்த்தினால் பழைய படமும் புதிய படமும் மாறி மாறித் தெரியும். சாதப் பருக்கைகள் கலங்கலாகாத வரை குவாலிட்டியைக் குறைத்துக்கொண்டே போகலாம். எனக்கு 140 கேபியில் வந்து நின்றது.

படி 5: நிறம்

விலையை இளஞ்சாம்பல் நிறத்தில் போடுவது எல்லா புது டிசைனருக்கும் வரும் வியாதி. வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டைல்ஸ் பகுதியில் எழுத்து நிறத்துக்குப் பக்கத்திலுள்ள சின்னச் சதுரத்தைக் கிளிக் செய்தால் கான்ட்ராஸ்ட் ரேஷியோ காட்டும், அதாவது எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற கணக்கு. சாதாரண அளவு எழுத்துக்கு அது குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி (எல்லோரும் பயன்படுத்தும்படி வெப் பக்கங்களை அமைப்பதற்கான வழிகாட்டி) விதி. வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் நிறக் குறியீட்டைப் போட்டால் 4.48, ஃபெயில். #767676 போட்டால் 4.54, பாஸ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்! அதனால் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் #444444 பக்கம் போய்விடுங்கள்.

படி 6: தமிழ் எழுத்துரு

பாப்பின்ஸ் என்ற எழுத்துரு அழகாக இருக்கிறது என்று சேர்ப்பார்கள், ஆனால் அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. பிரவுசர் சத்தமில்லாமல் கம்ப்யூட்டரில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடும், நாமும் பாப்பின்ஸில்தான் தெரிகிறது என்று நம்பிக்கொண்டிருப்போம். கூகுளின் இலவச எழுத்துருத் தளமான கூகுள் ஃபாண்ட்ஸில் மொழியைத் தமிழ் என்று வடிகட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, காட்டமரான் எல்லாம் அங்கே கிடைக்கும். மாதிரி வரியில் உங்கள் சொந்த வார்த்தைகளையே தட்டிப் பாருங்கள், “பூண்டுக் குழம்பு ₹40” என்கிற மாதிரி. 400, 700 என்ற இரண்டு தடிமன் போதும், கூடக் கூட இறங்க வேண்டிய ஃபைலும் கூடலாம். வரி உயரம் 1.6 கொடுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் ‘ழு’ கீழ் வரியின் ‘கீ’ தலையில் இடிக்கும்.

சேர்த்த எழுத்துரு உண்மையிலேயே வந்ததா? மறுபடி இன்ஸ்பெக்ட், கம்ப்யூட்டட் டேப், அதன் அடிமட்டத்தில் ரெண்டர்ட் ஃபாண்ட்ஸ் என்று உண்மைப் பெயர் இருக்கும்.

படி 7: மார்க் போடுவது

எல்லாம் முடிந்ததும் இன்காக்னிட்டோ விண்டோவில் பக்கத்தைத் திறந்து, டெவலப்பர் டூல்ஸில் லைட்ஹவுஸ் (பக்கத்தைச் சோதித்து 100-க்கு மார்க் போடும் கருவி) டேபில் மொபைலைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். இன்காக்னிட்டோ ஏனென்றால், நீங்கள் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்களும் வேகத்தைக் கெடுக்கும், பழி பக்கத்தின் மேல் விழும். 90-உம் அதற்கு மேலும் பச்சை. ஒரே பக்கத்தை இரண்டு தடவை ஓட்டினாலே மார்க் கொஞ்சம் ஏறி இறங்கும், எனவே 100-ஐத் துரத்த வேண்டாம். கீழே அது சொல்லும் குறைகளில் மேலிருக்கும் இரண்டைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.