2 கிலோ டம்பெல் போதும், மெதுவாக இறக்கினால்

வீட்டில் 2 கிலோ, 3 கிலோ டம்பெல் மூலையில் கிடந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள், எடை குறைவு என்று ஒதுக்க வேண்டாம். சாதாரணமாகத் தூக்கி, இறக்கும்போது மட்டும் மனதுக்குள் மூன்று வரை எண்ணி மெதுவாக இறக்குங்கள். இன்னும் இரண்டு தடவைதான் முடியும் என்ற நிலை வரும்வரை செய்தால் லேசான எடையிலும் பலம் ஏறும். பலர் கைக்கு மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. டம்பெல்லைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கட்டில் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து மறு கையால் டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது (முதுகு வளையக் கூடாது, முழங்கை உடம்பை உரசிப் போக வேண்டும்), தரையில் படுத்து மேலே தள்ளுவது, இந்த மூன்றும் பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்கும். ஒவ்வொன்றும் மூன்று சுற்று, வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக.

சரி, கொழுப்பு? தொப்பைக்கென்று தனியாக ஏதாவது செய்து அங்கே மட்டும் கரைக்க முடியாது. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் முட்டையோ சுண்டலோ வையுங்கள்.