நல்லர்போர் சமவெளியைக் கேரவனோடு கடக்க: இலவச முகாம்களை வைத்துத் திட்டம் போடும் முறை

கார் இழுத்துச் செல்லும் நகரும் வீடான கேரவனோடு பயணம் போகும்போது, இலவசமாக எங்கே தங்கலாம் என்று தேடுவதில்தான் பெரும்பாலோர் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் எடை, பிறகு எரிபொருள், பிறகு தண்ணீர், கழிவு, மின்சாரம். இந்தக் கணக்கெல்லாம் முடிந்தபின் வரைபடத்தைப் பார்த்தால், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே இரவு தங்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் ஓர் இடம் கண்டுபிடிப்பது அரைமணி நேர வேலை.

எடுத்துக்காட்டுக்குத் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை, நல்லர்போர் சமவெளியைக் கடந்து போகும் அயர் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 1,670 கி.மீ. அளவில் வரும். அதில் செடூனாவுக்கு மேற்கே உள்ள 1,200 கி.மீ.தான் உண்மையான சோதனை. முழுக்கத் தார்ச்சாலை, நான்கு சக்கர இழுவை தேவையில்லை. கேரவனைக் காரில் மாட்டுவது, சங்கிலி போடுவது, பின்னோக்கி ஓட்டுவது எல்லாம் உங்களுக்குக் கைவந்தவை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

படி 1: எடை

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். நேரம் எடுத்துப் படியுங்கள்.

கேரவனின் தகட்டில் இரண்டு எண்கள் முக்கியம். டேர் என்பது கேரவன் தொழிற்சாலையை விட்டு வந்தபோதிருந்த வெற்று எடை. ஏடிஎம் என்பது எல்லாம் ஏற்றியபின் அது தாண்டக் கூடாத எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. டேர் 2,050, ஏடிஎம் 2,450 என்றால் கையில் 400 கிலோ.

400 கிலோ தாராளமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு: 160 கிலோ. இரண்டு 9 கிலோ சிலிண்டர்களில் எரிவாயு: 18 கிலோ. மிச்சம் 222. வாங்கியபின் பொருத்திய கூடுதல் பேட்டரி, சோலார் தகடு, வெளிக்கூடாரத் துணி எல்லாம் டேரில் சேராது; இதில்தான் கழியும். பிறகு ஜாக்கி, கருவிகள், படுக்கை, பாத்திரம், உடை, நாற்காலி, மளிகை. 222 கிலோ எங்கே போனது என்றே தெரியாது. இட்லிக்கு ஈரக் கிரைண்டரை ஏற்றுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பத்துக் கிலோவுக்கு மேல் எடை, போதாததற்கு 230 வோல்ட் மின்சாரமும் கேட்கும். ரவை, அவல், சேமியா, கோதுமை மாவு போதும்.

அடுத்தது கார். "3,500 கிலோ இழுக்கும்" என்ற விளம்பர எண்ணை மட்டும் நம்பாதீர்கள். காருக்கும் இரண்டு வரம்புகள் உண்டு: காரின் சொந்த எடை, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடையான ஜிவிஎம்; காரும் கேரவனும் சேர்ந்த மொத்த எடையான ஜிசிஎம். இரட்டைக் கேபின் யூட் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி) ஒன்றின் ஜிசிஎம் 6,000 கிலோ என்று வைப்போம். 3,500 கிலோ கேரவனை மாட்டினால் காருக்கு மிஞ்சுவது 2,500. அந்த யூட்டின் வெற்று எடையே 2,200 என்றால், நான்கு பேர் ஏறி உட்கார்ந்ததும் ஏறக்குறைய எல்லாம் முடிந்தது.

இதில் மறைந்திருக்கும் இன்னொன்று டோ பால் எடை. கேரவனின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் எடை அது. பொதுவாக கேரவன் எடையில் 10 சதவீதம் அளவில் வைக்கச் சொல்வார்கள். 2,450 கிலோ கேரவனுக்கு 245 கிலோ. இந்த 245 கிலோவும் காரின் ஜிவிஎம் கணக்கில் சேரும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

வீட்டில் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பதைவிட, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, தொட்டிகளை நிரப்பி, பயணிகளோடு பொது எடை மேடைக்குப் போங்கள். மூன்று முறை நிறுத்துங்கள்:

முதலில் மாட்டிய நிலையிலேயே காரின் சக்கரங்கள் மட்டும் மேடையில். இது காரின் ஜிவிஎம்முக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரும் கேரவனும் முழுதாக மேடையில். இது ஜிசிஎம்முக்குள்.

மூன்றாவது கேரவனைக் கழற்றி, முன் சக்கரத்தோடு சேர்த்து மேடையில் தனியாக. இது ஏடிஎம்முக்குள்.

இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் கேரவன் சக்கரங்கள் தாங்கும் எடை. அதை மூன்றாவது எண்ணிலிருந்து கழித்தால் டோ பால் எடை.

இந்த எண் குறைவாக இருந்தால் கேரவன் வாலாட்டும், அதாவது ஓடும்போது இடமும் வலமும் ஆடும். பின் பம்பரில் சைக்கிள், கூடுதல் டயர் என்று தொங்கவிடுவதே பெரும்பாலும் காரணம். பாரமானவற்றை அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று குனிந்து பாருங்கள். முன்னால் இருந்தால், தண்ணீர் தீரத் தீர டோ பால் எடையும் குறையும். இரண்டு தொட்டிகளில் எதை முதலில் காலி செய்வது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

படி 2: எரிபொருள்

செடூனாவிலிருந்து மேற்கே ரோட்ஹவுஸ்களுக்கு (எரிபொருளும் உணவும் கிடைக்கும் சாலையோர நிலையங்கள்) இடையேயான தூரம் ஏறக்குறைய இப்படி: பெனாங் 73, நண்ட்ரூ 78, நல்லர்போர் 145, பார்டர் வில்லேஜ் 184, யூக்லா 12, முண்ட்ரபில்லா 66, மதுரா 116, காக்கிள்பிடி 91, கைகூனா 65, பாலடோனியா 182, நார்ஸ்மன் 191 கி.மீ.

மிக நீண்ட இடைவெளியே 191தானே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஒரு ரோட்ஹவுஸில் எரிபொருள் இல்லாமல் போகலாம், இரவில் மூடியிருக்கலாம். அதனால் ஒன்றைத் தாண்டி அடுத்தது வரை போக முடியுமா என்று பாருங்கள். கைகூனாவிலிருந்து நார்ஸ்மன் 373 கி.மீ. கேரவனை இழுக்கும் கார் 100 கி.மீ.க்கு 16 முதல் 18 லிட்டர் குடிக்கும். மேற்குக் காற்று முகத்தில் அடித்தால் 22 வரை போகும். அப்போது 373 கி.மீ.க்கு 82 லிட்டர் தேவை. 80 லிட்டர் டேங்க் போதாது. 20 லிட்டர் கேன் ஒன்றை யூட்டின் பின்தட்டிலோ காரின் மேற்கூரைத் தட்டிலோ கட்டுங்கள். கேரவனுக்குள்ளும், சிலிண்டர்களுக்குப் பக்கத்திலும் கூடவே கூடாது.

வழியில் விலை அதிகம். செடூனாவில் நிரப்பிவிட்டு, நடுவில் தேவைக்கு மட்டும் போட்டுக்கொண்டு, நார்ஸ்மனில் மறுபடி நிரப்புவது சிக்கனம். ஆனால் கைகூனாவில் விலையைப் பார்க்காதீர்கள், போடுங்கள். எரிபொருளை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைப்பதைப் போல வேறு வழி இல்லை, 90 கி.மீ. வேகம் இந்தச் சாலைக்கு அழகு.

படி 3: தண்ணீரும் கழிவும்

இலவச முகாம்களில் குழாய் இருக்காது. ரோட்ஹவுஸ்களுக்கும் தண்ணீர் அரிது. கேட்டு வாங்கலாம் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். செடூனாவில் இரண்டு தொட்டிகளையும் நிரப்புங்கள். இருவருக்கு, சிக்கனமாகப் பாத்திரம் கழுவி, ஈரத்துணியால் உடம்பு துடைத்துக்கொண்டால் நாளுக்கு 25 லிட்டர். நான்கு நாளுக்கு 100. குடிநீருக்குத் தனியாக 20 லிட்டர் கேன் வையுங்கள். ஒரு தொட்டி கல் பட்டுக் கசிந்தாலும் அது காப்பாற்றும். குளியலுக்கு ரோட்ஹவுஸில் காசு கொடுத்துக் குளித்துவிடுவது நல்லது.

கேரவன் கழிப்பறையின் கழிவைப் பிடிக்கும் பெட்டியான கேசட் இருவருக்கு மூன்று நாள் தாங்கும் என்று கணக்கு வையுங்கள். காலி செய்ய டம்ப் பாயின்ட் (கேசட் கழிவைக் கொட்டவே அமைத்த இடம்) மட்டுமே இடம். குழிக் கழிப்பறையில் ரசாயனத்தோடு கொட்டினால் அது பாழாகும். அப்படிச் செய்பவர்களால்தான் இலவச முகாம்கள் மூடப்படுகின்றன. பாத்திரம் கழுவிய நீரையும் மண்ணில் விடாமல் தொட்டியில் பிடியுங்கள். சில முகாம்கள் கழிவுநீர்த் தொட்டி உள்ள கேரவன்களை மட்டுமே அனுமதிக்கும்.

படி 4: மின்சாரம்

கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நாளுக்கு 40 முதல் 60 ஆம்ப்-மணி. விளக்கு, பம்பு, மின்விசிறி, செல்பேசி சேர்த்து இன்னும் 25. ஆக 80 என்று கொள்ளுங்கள். குளிர்காலத்தில் 200 வாட் சோலார் தகடு 50, 60 ஆம்ப்-மணிக்கு மேல் தராது. மீதியை ஓடும் கார் கொடுக்க வேண்டும். பழைய ஏஜிஎம் (ஈய-அமில வகை) பேட்டரியில் பாதிதான் பயன்படுத்தலாம். 100 ஆம்ப்-மணி லித்தியம் ஒன்று இருந்தால் அதிலேயே ஒரு நாள் முழுதும் ஓடும். எடையும் பாதிக்குக் குறைவு. செலவு செய்வதென்றால் இதில் செய்யுங்கள்.

"நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி ஏறவில்லை" என்பது அடிக்கடி கேட்கும் புகார். காரையும் கேரவனையும் இணைக்கும் ஏழு முள் பிளக்கின் மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் வழியிலேயே இறங்கிவிடும். புதிய கார்களின் ஆல்டர்னேட்டரும் தன் பேட்டரி நிறைந்ததும் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். காரின் பேட்டரியிலிருந்து ஆண்டர்சன் பிளக் (கேரவனுக்கு அதிக மின்னோட்டம் கொண்டுபோகும் இணைப்பு) வரை தடித்த கேபிள், கேரவன் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, இறங்கிய மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும் 25 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர். இந்த இரண்டும் இருந்தால் நான்கு மணி நேர ஓட்டத்தில் 100 ஆம்ப்-மணி வரை ஏறும்.

படி 5: இப்போது இடம் தேடலாம்

நாளுக்கு 300 முதல் 350 கி.மீ. போதும். கங்காரு, ஈமு, ஒட்டகம் எல்லாம் விடியலிலும் அந்தியிலும் சாலைக்கு வரும். பிற்பகல் மூன்றரைக்குள் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, அந்தத் தூரத்தில் முதல் இடம், அதை எட்டுவதற்கு 50 கி.மீ. முன்பே மாற்று இடம் என்று இரண்டு குறியுங்கள். மாற்று இடம் முன்னாலேயே இருக்கட்டும். களைத்துப் போனபின் இன்னும் 50 கி.மீ. ஓட்டச் சொல்லும் திட்டம் நல்ல திட்டம் அல்ல.

செயலிகளில் விக்கிகேம்ப்ஸ் என் தேர்வு. வீட்டு இணையத்திலேயே மாநில விவரங்களைத் தரவிறக்கிவிடுங்கள். வழியில் ரோட்ஹவுஸ்களை விட்டு விலகினால் சிக்னல் கிடைப்பது அரிது. ஒவ்வோர் இடத்திலும் கடைசி ஆறு மாதக் குறிப்புகளை மட்டும் படியுங்கள். இடங்கள் மூடப்படும், விதி மாறும். அங்கே நட்டிருக்கும் பலகை சொல்வதே முடிவு.

போர்ட் அகஸ்டாவிலிருந்து வரும்போது 155 கி.மீ.யில் கிம்பாவின் பொழுதுபோக்குத் திடலில் தங்கலாம். நன்கொடைப் பெட்டியில் போட மறக்க வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் 24 மணி நேரம் வரை நிறுத்தக்கூடிய ரெஸ்ட் ஏரியாக்கள் (சாலையோர ஓய்விடங்கள்) உண்டு. முண்ட்ரபில்லாவுக்கும் மதுராவுக்கும் நடுவே மூடினி பிளஃப், கைகூனாவுக்கும் பாலடோனியாவுக்கும் நடுவே பாக்ஸ்டர் இரண்டும் இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்தும். பாலடோனியாவுக்கு மேற்கே சுமார் 50 கி.மீ.யில் நியூமன் ராக்ஸ் அழகான பாறைவெளி.

கடலோரத்துப் பண்டா செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் நிறுத்த ஆசை வரும். சுண்ணாம்புப் பாறை அடியில் குடைந்து, மேலே மெலிந்து நிற்கும். தடுப்பு இருந்தால் உள்ளே போகாதீர்கள். இல்லாவிட்டாலும் விளிம்பை விட்டு நன்றாகத் தள்ளியே நிறுத்துங்கள்.

பெரிய ரெஸ்ட் ஏரியாக்களில் ரோடு ட்ரெயின் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீண்ட லாரி) ஓட்டுநர்களுக்கு ஒதுக்கிய பகுதியில் கேரவனை நிறுத்தாதீர்கள். சாலையோரக் கம்பங்களில் பச்சை ஒளிப்பட்டை தெரிந்தால் அது லாரிக்காரர்கள் ஒதுங்கும் இடம். தூங்காத ஓட்டுநர் எதிரே வருவது உங்களுக்கும் ஆபத்து.

படி 6: எல்லையில் சமையலறைச் சோதனை

மேற்கு நோக்கிப் போனால் பார்டர் வில்லேஜில் 24 மணி நேரமும் சோதனை உண்டு. பச்சைக் காய்கறி, பழம், தேன், செடி, விதை எடுத்துச் செல்ல முடியாது. நம் வீட்டுப் பெட்டியில் இதில் அகப்படுவது கறிவேப்பிலை, பச்சை மிளகாய், இஞ்சி, எலுமிச்சை. கடைசி முகாமில் காய்களை வேகவைத்துக் குழம்பாகவோ கூட்டாகவோ ஆக்கிவிடுங்கள். பருப்பு, மசாலா வகைகளைக் கடைப் பொட்டலத்திலேயே வைத்து, சந்தேகமானதை நீங்களே எடுத்துக் காட்டிக் கேளுங்கள். எல்லையைத் தாண்டியதும் நார்ஸ்மன் வரை புதிய காய்கறி எதிர்பார்க்க வேண்டாம். வெங்காயம் தீர்ந்த சமையலுக்கு ஏற்ப மளிகை வையுங்கள். திரும்பி வரும்போது சோதனை செடூனாவில்.

சாலையில்

வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனல் லாரிகளுக்கு, 18 கேரவன்களுக்கு. 40இல் வைத்திருங்கள், பின்னால் வரும் ரோடு ட்ரெயின் முந்தும்போது பேச உதவும். கேரவன் வாலாட்டத் தொடங்கினால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, காரில் இருந்தபடி கேரவன் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப் பொத்தானால் கேரவனின் பிரேக்கை மட்டும் போடுங்கள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கைபோக வேண்டும். புறப்படும் முன் பழகுங்கள்.

பின்னர் சேர்த்தவை

கடிகாரம் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். யூக்லா வட்டாரத்தில் தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தைவிட 45 நிமிடம் பின்னே வைப்பார்கள். கைகூனாவை எட்டினால் இன்னும் 45 நிமிடம் பின்னே. கோடையில் தெற்கு ஆஸ்திரேலியா ஒரு மணி நேரம் முன்னே போவதால் வித்தியாசம் கூடும். ஜூன் மாதம் பாலடோனியாப் பக்கம் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மூன்றரை மணி விதியைக் கடிகாரத்தை விட வெயிலைப் பார்த்துக் கடைப்பிடியுங்கள். ரோட்ஹவுஸ் மூடும் நேரம் கேட்கும்போது எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

நாயோடு போவோருக்கு: சமவெளியின் மேய்ச்சல் நிலங்களில் காட்டுநாய்க்கும் நரிக்கும் 1080 நஞ்சு கலந்த இரை போடுவார்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாயைக் கயிற்றிலேயே வையுங்கள். தரையில் கிடப்பதைக் கவ்வும் நாய்க்கு நடக்கும்போது வாய்க்கூடு போடுங்கள். நஞ்சு உள்ளே போனபின் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசேர்க்கும் தூரத்தில் எந்த முகாமும் இல்லை.