மஞ்சப்பையோடு ஒரு சனிக்கிழமை: பிள்ளைகளுக்குப் பொருள், சேவை சொல்லித்தருவது எப்படி?

ஆறு வயதுப் பிள்ளையிடம் 'பண்டங்கள், பணிகள்' என்று பாடப்புத்தகத் தமிழில் ஆரம்பித்தால் எழுந்து ஓடிவிடும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்; மகன் ஓடினான். அப்புறம் மஞ்சப்பையைக் கையில் கொடுத்து வேலூர்க் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனேன்.

முதலில், பையைப் பிள்ளையே தூக்கட்டும். விளக்கம் வேண்டாம். "காசு கொடுத்தா பையில என்ன விழுதுன்னு பாரு" என்று மட்டும் சொல்லுங்கள்.

இரண்டாவது, காய்கறி. நேதாஜி மார்க்கெட்டில் முள்ளு கத்திரிக்காய் வாங்கினோம். இலவம்பாடிப் பக்கத்துக் காய். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பு முள்ளில் விரலை வைத்துவிட்டு 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டான். தொடலாம், குத்துகிறது, பையில் கனக்கிறது. இதுதான் பொருள் என்று அந்த நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, முடிவெட்டும் கடை. காசு கொடுத்ததும் பையைப் பார்க்கச் சொன்னேன். "ஒண்ணும் விழல. என் முடியைக்கூட அவங்களே வெச்சுக்கிட்டாங்க" என்றான். அப்போ காசு எதுக்கு? "வெட்டிவிட்டதுக்கு." சரி, அதுதான் சேவை: நமக்காக ஒருவர் செய்யும் வேலை.

நான்காவது, குழப்பும் இடம். இங்கே நிதானம் வேண்டும். புதுச்செருப்பு பொருள். அறுந்த வாரைத் தைத்துக்கொண்டால் சேவை. ஆனால் தைத்த செருப்பும் பைக்குள்தானே போகிறது? அப்படித்தான் அவனும் மடக்கினான். "வரும்போதே இது நம்மகிட்ட இருந்ததா?" என்று திருப்பிக் கேளுங்கள். இருந்தது என்றால், காசு செருப்புக்கு இல்லை, தையலுக்கு. சைக்கிள் பஞ்சரும் இதே கேள்வியில் அடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்ப்பது சேவை, மாத்திரை பொருள். ஓட்டலை மட்டும் முதல் நாளே இழுக்காதீர்கள். பிரியாணி பொருள், சமைத்துப் பரிமாறுவது சேவை என்று பிரிப்பதற்குள் பிரியாணி ஆறிவிடும்.

பையில் அடங்காத ஃபிரிட்ஜ்? பை பெரிதாக இருந்தால் அடங்கும். அவ்வளவுதான்.

கடைசியாக, டவுன் பஸ். பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால் எனக்குக் காசில்லாத டிக்கெட், அவனுக்கு அரை டிக்கெட். காசு வாங்காவிட்டாலும் சேவை சேவைதான் என்று சொல்ல நல்ல இடம். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டிக்கெட்டையும் பைக்குள் போட்டுவிட்டு, "விழுந்துடுச்சும்மா, அப்போ பஸ்ஸும் பொருள்தானே?" என்றான்.

"வீட்டுக்குப் போய் அந்த டிக்கெட்ல உட்கார்ந்து காட்பாடி வரைக்கும் போக முடியுமா, பாரு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் தரையில் விரித்து, கத்திரிக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, டிக்கெட்டுகள்மேல் உட்கார்ந்தே பார்த்துவிட்டான்.