ஏர் பிஸ்டலில் சைட் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய முன் சைட்டை (குறிபார்க்கப் பேரல் நுனியில் நிற்கும் சின்னத் தகடு) எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவது ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஸ்கோர் ஏன் இறங்குகிறது என்று முழிப்பதுதான் பெரிய வேலை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறவர்களில் பாதிப் பேர் இதில் ஒருமுறையாவது மாட்டியிருப்பார்கள். நானும்தான்.

முதலில், பிஸ்டலில் பெல்லட் (குண்டு) இல்லை என்று "தெரியும்" என்பது போதாது. லோடிங் லீவரைத் திறந்து கண்ணால் பாருங்கள், பேரலில் சேஃப்டி ஃபிளாக்கை (பேரல் காலி என்று காட்டும் நிறக் கயிறு) நுழையுங்கள், பிறகு ஆலன் கீயை எடுங்கள். சைட்டை மாட்டும்போது கை பேரலின் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அடுத்தது அழுக்கு. முன் சைட் உட்காரும் இடத்தைத் துடைக்காமல் அப்படியே மாட்டிவிடுவார்கள். முன் சைட்டுக்கும், கண் பக்கம் வெட்டோடு இருக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 33 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு ஜெராக்ஸ் பேப்பர் கனத்துக்கு, அதாவது 0.1 மி.மீ. அளவுக்குத் தூசு சிக்கினாலே பத்து மீட்டரில் குண்டு 3 மி.மீ. கீழே போகும். டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் மொத்த அகலமே 11.5 மி.மீ.தான். இதே கணக்கில், பழையதைவிட அரை மி.மீ. உயரமான சைட்டைப் போட்டால் 15 மி.மீ. இறங்கும், கிட்டத்தட்ட இரண்டு வளையம். முன் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ, குண்டு அதற்கு எதிர்ப்பக்கம் போகும். பின் சைட் அப்படியல்ல, அது போகும் பக்கமே குண்டும் போகும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பவர்களை எந்த ரேஞ்சிலும் பார்க்கலாம்.

ஜெர்மன் பிஸ்டல் என்றால் கூடுதல் குழப்பம். பின் சைட்டைச் சரிசெய்யும் ஸ்க்ரூ பக்கத்தில் 'ஹெச்' என்று இருக்கும், ஜெர்மனில் உயரம் என்பதற்கான முதலெழுத்து. குண்டு மேலே போனால் இந்தப் பக்கம் திருப்பு என்பது அதன் அர்த்தமாக இருக்கலாம். மேலே போகவைக்க இந்தப் பக்கம் என்று எழுதும் கம்பெனிகளும் உண்டு. மேனுவலைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஐந்து சுட்டு, ஸ்க்ரூவை நான்கு கிளிக் திருப்பி, இன்னொரு ஐந்து சுட்டால் டார்கெட்டே சொல்லிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பதக்கம் வாங்கியவர் 4.5 மி.மீ. அகல முன் சைட் வைத்திருக்கிறார் என்று நாமும் அதையே வாங்குவது. அவர் கை நீளம் வேறு, கண் வேறு. கை குட்டையாக இருந்தால் அதே பிளேடு, அதாவது முன் சைட்டின் தகடு, கண்ணுக்குக் கிட்டே வந்து தடிமனாகத் தெரியும். பார்க்க வேண்டியது மி.மீ. அல்ல, பின் சைட்டின் வெட்டுக்குள் பிளேடுக்கு இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடு. அது நூலாகச் சுருங்கினால் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரொம்ப அகலமானால் பிளேடு நடுவில் நிற்கிறதா என்றே தெரியாது. ஆகவே முன் சைட்டை மாற்றினால் பின் சைட்டின் வெட்டு அகலத்தையும் கூடவே சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் "புது சைட் ராசியில்லை" என்று கழற்றிப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

ஸ்க்ரூ விஷயம் சின்னது. சரியான அளவு கீ, விரல் நுனி பலம், அவ்வளவுதான். மரை போய்விட்டால் செலவு சைட்டோடு நிற்காது. வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். துணி விரிக்காமல் உட்கார்ந்து, ஒரு எள் அளவு ஸ்க்ரூவை லேன் மேட்டுக்கு அடியில் ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

புது பிளேடு விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தால் அதன் மேல் விளிம்பு கரைந்துபோகும். பழைய ஆட்கள் சைட்டைக் கழற்றி, கற்பூரம் கொளுத்திய கரும்புகையில் காட்டுவார்கள். பார்க்க பூஜை மாதிரி இருந்தாலும் அந்தக் கறுப்புக்கு ஈடு இல்லை. மாட்டிய நிலையில் மட்டும் செய்யாதீர்கள், பக்கத்திலேயே காற்று சிலிண்டர் இருக்கிறது.

போட்டிக்கு முந்தின நாள் மாற்றவே கூடாது. போட்டியில் சைட்டிங்குக்கும் (கணக்கில் வராத சோதனைச் சுடுதல்) தயாராவதற்கும் சேர்த்துக் கிடைப்பது 15 நிமிடம். அதற்குள் புது சைட்டைப் பழக முடியாது.

இன்னொன்று. வயது நாற்பதைத் தாண்டி, பிளேடு மங்கலாகத் தெரிகிறது என்று சைட் மாற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் கண் டாக்டரிடம் போங்கள். போகும்போது, கையை நீட்டி பிஸ்டல் பிடித்தால் கண்ணுக்கும் முன் சைட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து, சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.