வெளிநாட்டு சலூனில் ‘எப்பவும் போல’ செல்லாது

தருமபுரியிலோ ஓசூரிலோ பழகின கடையில் உட்கார்ந்து, "எப்பவும் போல போடுங்கண்ணா" என்றால் வேலை முடிந்தது. ஃபிராங்ஃபர்ட்டில் அது நடக்காது. ‘மீடியம்’, ‘சம்மர் கட்’ என்ற பெயர்களும் எடுபடாது. கையோடு கொண்டுபோக வேண்டியது அளவு.

கிளம்புவதற்கு முன் போடும் கடைசி கட்டிங்கில் பக்கவாட்டில் எந்த நம்பர் சீப்பு, பிடரியில் எது, மேலே எவ்வளவு நீளம் விட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷினில் மாட்டும் சீப்பில் வழக்கமாக 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. அங்கே போய் நம்பரைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லுங்கள். சில டிரிம்மர்களில் ‘3’ என்று போட்டிருந்தால் அது 3 மி.மீட்டரேதான். 10 மி.மீ. கேட்க வந்தவர் தலை 3 மி.மீட்டருக்குப் போய்விட்டால், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளரும் முடியை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். முதல் தடவை அளவைக் கொஞ்சம் கூட்டியே கேளுங்கள். குறைக்க எப்போதும் முடியும்.

போட்டோவும் வேண்டும்: முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம். எண்ணெயோ ஜெல்லோ இல்லாத காய்ந்த தலையில் எடுங்கள். போகிற அன்றும் எண்ணெய் வைக்காதீர்கள், வழுக்கும் முடியில் மெஷின் சரியாக ஓடாது.

பின்னல் போடுகிற பெண்களுக்கு, அவர்கள் கேட்காமலே ‘லேயர்’ (மேலிருந்து கீழாக வேறு வேறு நீளத்தில்) வெட்டிவிடுவதும் அங்கே நடக்கலாம். பின்னினால் வழி நெடுக முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும். "லேயர் வேண்டாம், அடியில் மட்டும் நேராக 2 செ.மீ." என்று சொல்லி, காய்ந்த முடியிலேயே விரலால் காட்டுங்கள். நனைந்த முடி நீளும்; ஈரத்தில் காட்டிய அளவு காய்ந்ததும் மேலே ஏறிவிடும்.

சாயம் போடப் போகிறீர்களா? ‘கறுப்பு மருதாணி’ பாக்கெட் பயன்படுத்தியிருந்தால் மறைக்காதீர்கள், முடிந்தால் பாக்கெட்டையே காட்டுங்கள். வெறும் மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும். கறுப்பாகப் பிடித்தால் வேறேதோ கலந்திருக்கிறது. உலோக உப்பு கலந்த சாயத்தின் மேல், முடியின் நிறத்தை வெளுக்க சலூனில் போடும் பிளீச் பட்டால் சூடேறி முடி பொடிந்து போகும். பிரிட்டனில் 48 மணி நேரம் முன்னதாகத் தோலில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பல சலூன்களில் சாயம் போடுவார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.

கட்டணப் பலகையில் ஷேவிங், தலை அலசுவது எல்லாம் தனித்தனி. அமெரிக்காவில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம், ஜப்பானில் தேவையில்லை. ஜெர்மனியில் திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதில்லை.

சொந்த மெஷின் எடுத்துப் போகிறவர்கள் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 220 மட்டும் போட்டிருந்தால் அமெரிக்காவின் 120 வோல்ட்டில் சரியாக இழுக்காது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், வாயகன்ற டப்பாவில் கொண்டுபோங்கள். லண்டன் தண்ணீர் உப்பு படியும் கடினத் தண்ணீர். அது மட்டும் இங்கே போர் தண்ணீரில் குளித்தவர்களுக்குப் பழக்கமான சங்கதிதான்.